தரங்கம்பாடியின் காகிதங்கள் எங்கே போயின?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தரங்கம்பாடி என் தாயாரின் ஊர். ஊரின் வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்தே எழுத ஆசை. ஆனால் எல்லாமே டென்மார்க்கில் இருக்கிறது என்கிறார்கள். தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த நான் எங்கிருந்து தொடங்குவது? கவர்னர்களையும் பாதிரியார்களையும் விட்டால் மீனவர், நெசவாளர் பற்றி அந்த ஆவணங்களில் ஏதாவது இருக்குமா?"

எல்லாமே டென்மார்க்கில் இருக்கிறது என்பது பாதிதான் உண்மை. ஓர் ஊரின் காகிதம் பெரும்பாலும் அந்த ஊரில் தங்குவதில்லை. ஊரை ஆண்டவன் யாருக்குக் கணக்கு ஒப்புவித்தானோ, அங்கே போய்ச் சேர்ந்துவிடும். தரங்கம்பாடி நிறையப் பேருக்குக் கணக்குச் சொன்ன ஊர். பாண்டியன், தஞ்சை நாயக்கர், மராத்தியர், டேனிஷ் கம்பெனி, டேனிஷ் அரசர், ஜெர்மனியில் மிஷனை நடத்தியவர்கள், கடைசியில் சென்னை ராஜதானி என்று எஜமானர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எதைத் தேடுகிறீர்களோ, அந்தக் காலத்தில் ஊர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.

முதல் ஆவணத்துக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. கடற்கரையில் பாதி இடிந்து நின்ற மாசிலாமணி நாதர் கோயிலை உங்கள் தாயாருக்குத் தெரிந்திருக்கும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. அதன் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி ஆன குலசேகரன்பட்டினம்' என்கிறது. 'அலைகள் பாடும் ஊர்' என்று நாம் சொல்லி மகிழும் விளக்கம் அழகானதுதான், ஆனால் கல்வெட்டில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை. சடங்கன் என்ற யாரோ ஒருவரின் பாடி; அதற்கு அரசன் பெயரில் ஒரு பட்டினப் பட்டம். 'பட்டினம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். டேனிஷ்காரர்கள் ஒரு குப்பத்தில் வந்திறங்கி அதைத் துறைமுகமாக்கினார்கள் என்ற கதை அந்த ஒரு சொல்லிலேயே ஆட்டம் காண்கிறது. அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது வணிகத் துறை.

அடுத்தது பொன். 1616இல் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய கப்பற்படைக்கு ஓவே ஜெட்டே தலைவர். அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் ரோலண்ட் கிராப்பே. அவருடைய கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழித்தார்கள். கிராப்பே தப்பித் தஞ்சை போய் ரகுநாத நாயக்கரைச் சந்தித்தார். டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் காலூன்ற 1620 நவம்பர் 19இல் ஒப்பந்தமானது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ரகுநாத நாயக்கர் தமிழில் பொன் ஏட்டில் அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகனில் டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் காப்பகத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அங்கே தரங்கம்பாடி வரலாற்றின் தலைமாட்டில் வைக்கவேண்டிய ஆவணமே தமிழில்தான் இருக்கிறது.

ஜெட்டே தன் பயணத்துக்கு நாட்குறிப்பு எழுதினார். அது மேலிடத்துக்கு ஒப்புவிக்க எழுதியது. தன் முடிவுகள் சரி என்று நிறுவும் தொனி அதில் இருக்கும். அதே காலத்துக்கு எனக்குப் பிடித்த சாட்சி வேறொருவர்: ஜோன் ஓலாஃப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையில் பீரங்கிப் படையில் 1623-24 வாக்கில் வேலை செய்தார், வெடி விபத்தில் காயம்பட்டு ஊர் திரும்பினார், கிழவரான பிறகு 1661இல் தன் வாழ்க்கையை ஐஸ்லாந்து மொழியில் எழுதினார். ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து எழுதியதால் ஆண்டும் எண்ணிக்கையும் தடுமாறும். ஆனால் கோயில் திருவிழாவையும் ஊர் ஜனத்தையும் வியந்து பார்த்த ஒரு சிப்பாயின் கண் அதில் இருக்கிறது. யாருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டாத மனிதன் எழுதியது என்பதால் வந்த சுகம் அது.

பிறகு ஒரு பெரிய மௌனம் வருகிறது. கம்பெனி நொடித்துப்போய் 1650இல் கலைக்கப்பட்டது. டென்மார்க்கிலிருந்து கப்பல் வரவில்லை. 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். நாயக்கர் படை முற்றுகையிட்டபோதும் உள்ளூர் ஆட்களை வைத்துக் கொடியை இறக்காமல் நின்றார், வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்தார், அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் 'ஃபேரோ' என்ற கப்பல் வரும்வரை இதுதான் நிலை. கணக்குக் கேட்க ஆளில்லை, எழுதவும் ஆளில்லை; எனவே அந்த ஆண்டுகளுக்குக் காகிதம் மிகக் குறைவு. ஆய்வேடுகளில் இந்தக் காலம் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். உள்ளூர் ஜனங்கள் கோட்டையை நடத்திய காலமே அதுதான் என்பதால் எனக்கு அது எப்போதும் ஓர் ஆதங்கம். அந்த இடைவெளியைத் தஞ்சைப் பக்கத்திலிருந்தும், அண்டையில் இருந்த டச்சுக்காரர் கடிதங்களிலிருந்தும்தான் நிரப்ப முடியும்.

டச்சுக்காரர் என்றதும் நாகப்பட்டினம். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அதைப் பிடித்து 1781வரை வைத்திருந்தார்கள். தரங்கம்பாடிக்கு எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, எந்த வியாபாரி யார் பக்கம் சாய்ந்தான் என்று போட்டியாளனைப் போல உன்னிப்பாகக் கவனித்து எழுதுகிறவன் வேறு யாரும் இல்லை. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் நெதர்லாந்து, இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா என்று சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் ஒரு பகுதி நம் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது.

இனி டேனிஷ் காகிதங்கள். 1670இல் இரண்டாம் கம்பெனி, 1732இல் ஆசியக் கம்பெனி, 1777முதல் நேரடியாக அரசரின் ஆட்சி என்று நிர்வாகம் கைமாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்பு வைக்கும் முறையும் மாறும். கம்பெனிக் காலத்தில் தேடினால் சரக்கும் லாபமும்தான் கிடைக்கும். அரசர் காலத்தில் தேடினால் வரி, நிலம், வழக்கு, மனு எல்லாம் வரத் தொடங்கும். ஊர்க்காரர்களைத் தேடுகிற உங்களுக்கு 1777க்குப் பின்னால்தான் அறுவடை.

ஒரு கணக்கு வாய்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 80 காசு ஒரு பணம் (டேனிஷ் ஏட்டில் 'ஃபனோ', பிற்பாடு 'ராயலின்'), 8 ராயலின் ஒரு ரூபாய், 18 ராயலின் ஒரு டேனிஷ் வெள்ளி டாலர். இது தெரியாமல் கூலி, வாடகை எதையும் ஒப்பிட முடியாது. ஈயத்திலும் செம்பிலும் தரங்கம்பாடியிலேயே அடித்த அந்தக் காசுகளை அலை இன்னமும் கரையில் தள்ளுவதுண்டு.

கப்பல் பட்டியல்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தும் பிரான்சும் சண்டையிட்ட ஆண்டுகளில் டேனிஷ் கொடி நடுநிலைக் கொடி. ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகள் இங்கே திரட்டிய சொந்தப் பணத்தைச் சரக்காக மாற்றி அந்தக் கொடியின் கீழ் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஏட்டில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் இருக்கும் பெயர் உண்மையான உரிமையாளர் பெயராக இல்லாமல் போகலாம். தரங்கம்பாடி திடீரென்று செழித்ததாகத் தெரியும் ஆண்டுகளை ஐரோப்பியப் போர்களோடு ஒட்டிவைத்துப் பாருங்கள்.

தமிழ் வாசகருக்கு உண்மையான புதையல் ஜெர்மனியில், ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் இருக்கிறது. சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களை அனுப்பியது டேனிஷ் அரசர். ஆதரித்து நடத்தியது ஹாலே. ஆதரவாளர்களுக்கு நம்பிக்கை கொடுக்கத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கவேண்டிய நிலை. அந்தக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710முதல் ஹாலேயில் அச்சாயின, பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ஒன்றிரண்டு சம்பவம் இல்லை. எங்கே நடந்தார்கள், எந்தச் சத்திரத்தில் யாரோடு என்ன வாதம், பஞ்சத்தில் நெல் விலை என்ன என்று நாள்வாரியாகப் போகும். 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் போன்ற தமிழர்களும் உபதேசிகளும் எழுதிய அறிக்கைகள் அதில் மொழிபெயர்ப்பாகப் பொதிந்து கிடக்கின்றன.

சீகன்பால்கு 1708இல் தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதை மிஷன் ஆவணமாகப் பார்ப்பார்கள். நான் அதை ஊர் ஆவணமாகப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் அந்தக் கடலோரத்தில் திருக்குறளும் சிவவாக்கியமும் இன்னும் எத்தனையோ நூல்களும் புழக்கத்தில் இருந்தன என்பதற்கு நேர்ச் சாட்சி அல்லவா அது! 1712முதல் அவர் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில்களை வாங்கினார். ஏன் எங்களை வெறுக்கிறீர்கள், உங்கள் திருமணமுறை என்ன, வைத்தியம் என்ன என்றெல்லாம் கேட்டார். அந்தப் பதில்கள் 1714லும் 1717லும் ஹாலேயில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக வெளிவந்தன. நாம் இன்று படிப்பது அந்த ஜெர்மன் வடிவத்தைத்தான் என்பதை மறக்கக்கூடாது. நடுவில் மொழிபெயர்ப்பாளரின் மதமும் நின்றுகொண்டிருக்கிறது. இருந்தும் சில பதில்களில் ஐரோப்பியர்கள் குடிப்பதையும் மாட்டிறைச்சி தின்பதையும் பற்றிய அருவருப்பு பளிச்சென்று தெரிகிறது. அதை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள்.

எதை வைத்தார்கள், எதை மறைத்தார்கள் என்பதும் ஹாலேயில் தெரியும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713இல் எழுதியனுப்பிய பெரிய நூலை, ஹாலே நிறுவனத்தை நடத்திய பிராங்கே அச்சிட மறுத்தார். அங்கே போனது அந்த மதத்தை ஒழிக்கத்தான், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கட்சி. காகிதம் பெட்டியிலேயே கிடந்தது. 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. ஆவணக் காப்பகம் என்பது அழிக்காமல் ஒளித்துவைக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு காப்பகங்களில் படித்துப் பாருங்கள், அதுதான் சரியான பயிற்சி. 1708 நவம்பரில் கோட்டைத் தளபதி ஹாசியஸ், சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் பாதிரியார் தலையிட்டதிலிருந்து முற்றிய தகராறு. மிஷன் கடிதங்களில் அது சத்தியத்துக்கு வந்த சோதனை. கோட்டையின் பார்வையில் அது அதிகாரத்துக்கு எதிராக ஜனங்களைத் தூண்டிய குற்றம். இரண்டு தரப்பும் தத்தம் எஜமானருக்குத்தான் எழுதுகின்றன. இடையே அந்தக் கைம்பெண் யார், அவள் கடன் என்ன, தீர்ந்ததா? அவளுக்கு ஓர் எஜமானர் இல்லாததால் அவள் கதை மற்றவர்கள் சண்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலும் இதுவே. மீனவர், நெசவாளர், சலங்கு என்ற கரைப் படகை ஓட்டிய சலங்குக்காரர் எல்லோரும் ஆவணங்களில் இருக்கிறார்கள். தலைப்பில் இருக்க மாட்டார்கள், ஓரத்தில் இருப்பார்கள். தரங்கம்பாடியில் கப்பல் ஒட்டி நிற்கும் துறை கிடையாது. கப்பல் வெளியே நங்கூரம் போடும். அலையை உடைத்துக்கொண்டு சலங்கில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். அந்தச் சலங்கு தள்ளுகிறவர்கள் கடலுக்கு வர மறுத்தால் கவர்னரே கரையில் நிற்க வேண்டியதுதான். அதனால் கூலித் தகராறு, சரக்கு நனைந்த விசாரணை, கப்பல் உடைந்த விசாரணை என்று தொல்லை வந்த இடத்திலெல்லாம் தேடுங்கள். விசாரணை வந்தால் பெயர்கள் வரும். தமிழ்க் குடிகளின் வழக்கைக் கேட்க டேனிஷ் ஆட்சியில் தனி நீதிமன்றமே இருந்தது; 'கறுப்பர் நீதிமன்றம்' என்ற பொருளில் அதை அழைத்தார்கள். பெயர் அசிங்கம்தான், ஆனால் உங்கள் முன்னோர் வாய்திறந்து பேசிய இடம் அது. வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்த சாதிகளின் சண்டைகளும் அப்படியே. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சச்சரவு வழியாகத்தான் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. நெசவாளரைத் துணி ஒப்பந்தங்களில் தேடினால் எண்ணிக்கையாக வருவார்கள். முன்பணம் நிலுவையாகி மனுப் போடும்போதுதான் மனிதர்களாக வருவார்கள்.

தேடும்போது சொல் ஒரு பெரிய தடை. 'தமிழ்' என்று தேடினால் அந்தப் பட்டியல்களில் அதிகம் சிக்காது. அவர்களுக்கு நம் மொழி 'மலபாரி', நாம் 'மலபாரிகள்', முஸ்லிம்கள் 'மூர்'. பல நல்ல சுவடிகளை நம்மவர்கள் கேரளத்தைச் சேர்ந்தவை என்று தாண்டிப் போயிருப்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: பொறையாறு 'பொரேயார்' ஆகும், தில்லையாடி 'தில்லாலி' ஆகும். ஆனால் இங்கேதான் உங்கள் தமிழ் கைகொடுக்கும். டேனிஷ் படித்த ஆய்வாளருக்கு மர்மமாக இருக்கும் சொல்லை உரக்க வாசித்தாலே உங்களுக்குக் கணக்கப்பிள்ளை என்றோ தலையாரி என்றோ காது சொல்லிவிடும். அவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

நாள் கணக்கும் காலை வாரும். டென்மார்க் 1700இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஆகவே ஒப்பந்தத்தின் நவம்பர் 19, போர்ச்சுகீசியர் கணக்கில் நவம்பர் 29. ஆங்கிலேயர் 1752வரை மாறவில்லை. எனவே 1710இல் தரங்கம்பாடியில் மே 10 என்று தேதி போட்டு அனுப்பிய கடிதம் நான்கு நாளில் சென்னைக் கோட்டையை அடைந்தால், அங்கே மே 3 என்று பதிவாகும்! தமிழ் ஓலையில் ரௌத்திரி ஆண்டு என்று மட்டும் இருந்தால் அது 1620ஆ, 1680ஆ, 1740ஆ என்பதை உள்ளே வரும் பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

படங்களையும் விட்டுவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் வரைந்த டான்ஸ்போர்க் ஓவியம் ஒன்று சுவீடனில் ஸ்கோக்லோஸ்டர் மாளிகையில் தொங்குகிறது. 1788முதல் 1806வரை கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். அவர் வரைந்ததும் சேர்த்ததுமான படங்கள் ஆஸ்லோவில் இருக்கின்றன. டேனிஷ் காலத்தில் பொறியாளர்கள் வரைந்த நகர வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பாருங்கள். ராஜ வீதியும் ராணி வீதியும் அப்படியே இருக்கும், கிழக்கே மட்டும் ஊர் குறைந்திருக்கும். கடல் தின்ற அளவை அதில்தான் அளக்க முடியும்.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். நவம்பர் 7இல் கைமாறியது. அதற்கப்புறம் உங்கள் வேலை எளிது. 1860வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமே தரங்கம்பாடிதான். கலெக்டர் அங்கே உட்கார்ந்து எழுதிய காகிதம் எல்லாம் ஆங்கிலத்தில், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்டப் பதிவுகளாகக் கிடைக்கும். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வணிகம் அந்தப் பக்கம் போயிற்று, காகிதமும் மெலிந்தது.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கோபன்ஹேகனைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் எழும்பூர். ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பம், அடையாளச் சான்று, ஒரு அறிமுகக் கடிதம் என்று சில நாள் ஆகும்; பொறுமை வேண்டும். அடுத்து தஞ்சாவூர் சரஸ்வதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ள, மராத்தியைக் கூட்டி எழுதும் மோடி எழுத்தில் அமைந்த ஆவணங்கள். மராத்திய அரசர்கள் தங்கள் கடலோர வாடகைக்காரர்களான டேனிஷ்காரர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அங்கே. தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பொறுப்பாளர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ஹாலேயின் அச்சிட்ட அறிக்கைகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஜெர்மனுக்கு ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். டேனிஷ் கையெழுத்து பழைய கோத்திக் வடிவம். டேனிஷ்காரர்களே அதைத் தனியாகப் பழகித்தான் படிக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடந்து பார்க்கவும் மறக்காதீர்கள். பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்று ஓரிடம் இருக்கிறது. மிஷன் அச்சகத்துக்குக் காகிதம் செய்யப் பட்டறை போட்ட இடம்; எந்தக் காப்பகமும் காப்பாற்றாமலே முந்நூறு ஆண்டாகப் பெயர் நிற்கிறது.

எழும்பூருக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்கள் தாயார் வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது தகரப் பெட்டியில் இருக்கும். எடுத்து அதன் செக்குபந்தியைப் படியுங்கள். வடக்கே யார் மனை, தெற்கே எந்தச் சந்து, கிழக்கே என்ன என்று நான்கு எல்லையையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்த நான்கு பெயர்களோடு உள்ளே போனால் காப்பக ஊழியரிடம் 'தரங்கம்பாடி பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.